லாயர் வீட்டில்தான் இருக்கிறார்

தம்பி கஸ்பார்,

நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். சோறும் நெத்திலி சம்பலும் மூடி வைத்திருக்கிறேன். ஆஸ்திரேலியாவில் பழகிய நாக்குக்குக் காரமாக இருந்தால் தண்ணீர் குடி.

பத்து மணிக்குப் பீடோரிலிருந்து உடையப்பன் அண்ணன் வருவார். அவர் வேலை பார்க்கும் தோட்டத்தை விற்றுவிட்டார்களாம். தொழிலாளர்களுக்குக் கொடுத்த லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லி அவருக்கு இங்கிலீஷில் கடிதம் வந்திருக்கிறது. "மகன் லாயருக்குப் படிக்கிறான், வந்து பாருங்க" என்று அப்பாதான் சொல்லிவிட்டார்.

போன வாரம் தைப்பிங்கிலிருந்து ஒரு அக்கா இப்படித்தான் கடிதத்தோடு வந்தார். "என்னோடது கலையும் சட்டமும் சேர்ந்த படிப்புக்கா. மொத ரெண்டு வருஷம் வரலாறும் தத்துவமுந்தான்லா" என்று சொல்லிவிட்டுப் பின்கதவு வழியாகப் போனவன், சாயங்காலம்தான் வந்தாய். தத்துவம் கேட்கவா அவர் பஸ் ஏறி வந்தார்?

நேற்று அதைக் கேட்டதற்கு, "ஒனக்கு யுனிவர்சிட்டி பத்தி என்னா தெரியும்?" என்றாய். தெரியாதுதான். நீ படிக்க வேண்டும் என்று ஐந்தாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு டைப் அடிக்கப் போனவள் நான்.

அண்ணனுக்காக நீ வாதாட வேண்டாம். கடிதத்தைத் தமிழில் வாசித்துக் காட்டு, எந்தத் தேதிக்குள் என்று சொல். அதற்குப் பட்டம் தேவையில்லை. பதிலை நான் வந்து டைப் அடிக்கிறேன்.

அக்கா

அவருக்குக் காப்பி கலக்கிக் கொடு. சீனி தூக்கலாக இருக்கட்டும்.

மறந்துவிட்டேன்: பின்கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன். முன்கதவு திறந்துதான் இருக்கிறது. அங்கே அவர் உட்கார்ந்திருப்பார்.