தண்ணீர் கொண்டு வந்தவளின் புத்தகம்

ஆசை அண்ணனுக்கு,

உன் கருமாதி முடிந்த மறுநாள் இதை எழுத உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று பார்த்தேன். கோபம்தான் வந்தது. வந்ததை எழுதுகிறேன். நீ எழுந்து வந்து மறுக்கவா போகிறாய்?

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் அந்தப் புத்தகத்தைப் பற்றித்தான் பேசினார்கள். போர்த்துக்கீசு பேசுகிற கோவாக்காரர்களுக்கு இங்கிலீஷ் வினைச்சொல்லின் காலங்களைச் சொல்லிக்கொடுக்க, மொரப்பூரில் ஒரு வாத்தியார் புத்தகம் போட்டாரே, என்ன மூளை, என்ன மூளை என்றார்கள். ஒப்பாரி வைத்த பெண்கள்கூட அதைப் பாட்டில் சேர்த்துவிட்டார்கள். நான் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். உன் மனசு எத்தனை குளிர்ந்திருக்கும்!

அது எப்படிப் பிறந்தது என்று உனக்குத் தெரியாதா? என் புருஷன் செத்து நான் உன் வீட்டுக்கு வந்து சேர்ந்த வருஷம். ரயில்வே குவார்ட்டர்ஸில் மரியா என்று ஒரு கோவாக்காரி இருந்தாள். ரயில்வே ஆஸ்பத்திரி வேலைக்கு அவளுக்கு இங்கிலீஷ் வேண்டியிருந்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்த என்னிடம் வந்தாள். உன்னிடம் வரவில்லை. அதுவும் உனக்கு நினைவிருக்கும்.

அவள் பாஷையும் ஒரு விஷயத்தில் நம் பாஷை மாதிரிதான். 'வந்தேன்' என்றால் போதும், வந்தது நான்தான் என்று அந்தச் சொல்லே சொல்லிவிடும். அந்தப் பழக்கத்தில் இங்கிலீஷிலும் 'நான்', 'அவள்' எல்லாவற்றையும் விழுங்கிவிடுவாள். 'மூணு வருஷமா இங்க இருக்கேன்' என்று நாம் சொல்வது போல அவளும் நிகழ்காலத்திலேயே சொல்வாள். இங்கிலீஷ்காரனுக்கு அது ஆகாது. அன்றைக்குத் தொடங்கி இன்றைக்கு வரை இழுத்துக்கொண்டு வந்து காட்ட வேண்டும். எனக்கும் பள்ளிக்கூடத்தில் அங்கேதான் தடுக்கியது. அதனால் அவளுக்கு எங்கே தடுக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

ஒரு நாள் அடுப்படியிலேயே பாடம் நடத்தினேன். 'களி கிண்டினேன்' என்றால் முடிந்த கதை. தின்றாயிற்று, சட்டியும் கழுவியாயிற்று. 'களி கிண்டியிருக்கேன்' என்றால் சட்டியில் சூடாக இருக்கிறது, வந்து உட்கார். இங்கிலீஷிலும் இது இரண்டு, அவள் பாஷையில் இரண்டுக்கும் ஒரே சொல்தானாம். சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "பச்சையம்மா, புரிஞ்சிபோச்சி!" என்று கத்தினாளே, நீ கூட என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாய்.

அதையெல்லாம் நான் இங்கிலீஷில் எழுத, அவள் பக்கத்திலேயே போர்த்துக்கீசில் எழுதினாள். நீ அதை வாங்கிக்கொண்டு சேலத்து அச்சாபீசுக்குப் போனாய். திரும்பி வந்தபோது அட்டையில் உன் பேர் மட்டும் இருந்தது. கேட்டதற்கு என்ன சொன்னாய்? "பொம்பள பேரப் போட்டா எவன் வாங்குவான்? அடுப்படியில உக்காந்து எழுதனதுக்கு பேர் வேற வேணுமா ஒனக்கு?" புத்தகத்திலிருந்து களிச்சட்டியையும் எடுத்துவிட்டாய். அந்த இடத்தில் உதாரணமாக ஒரு ராஜா நாட்டை ஜெயித்துக்கொண்டிருந்தார்.

பிறகுதான் உனக்கு வேதனை ஆரம்பித்தது. ரயிலில் வேலை செய்யும் கோவாக்காரர்கள் புத்தகத்தோடு சந்தேகம் கேட்க வந்துவிட்டார்கள். ராஜா ஏன் இங்கே இப்படி ஜெயித்தார், அங்கே ஏன் அப்படி ஜெயித்தார் என்று கேட்டால் உனக்கு என்ன தெரியும்? உடனே உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பாய். "பாப்பா, தண்ணி கொண்டா!" நான் சொம்போடு வந்தால், "இதுவா? இது எங்க வூட்டு அடுப்படிக்கே தெரியுமே. சொல்லு பாப்பா" என்பாய். நான் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன். வந்தவர் உன்னைப் பார்த்துக் கும்பிடுவார்.

ஒரே ஒரு நாள் சொம்பை வைத்துவிட்டுச் சொன்னேன். "எனக்கென்னாண்ணா தெரியும்? நான் தண்ணி தூக்கறவ." உன் முகம் சுண்டிப்போனது. அன்று மாலை எனக்குக் கேட்கும்படியே அண்ணியிடம், "இவளுக்கு இந்த வூட்ல சோறு போடறது யாருன்னு ஞாபகம் இருக்கட்டும்" என்றாய். எனக்கு ஞாபகம் இருந்தது. அதற்குப் பிறகு நீ கூப்பிட்டபோதெல்லாம் தண்ணீர் வந்தது, பதிலும் வந்தது. அந்தச் சோறு ஒவ்வொரு வேளையும் எப்படி இறங்கியது என்று நீ கேட்டதே இல்லை. ஒரு தடவை கேட்டிருக்கலாம், அண்ணா. தனியாகவாவது, யாருக்கும் தெரியாமலாவது, 'நீ எழுதியதுதான் பாப்பா' என்று சொல்லியிருந்தால் நான் அதோடு விட்டிருப்பேன்.

சரி, இங்கத்திய சேதி கேள். நேற்று கருமாதிக் கூட்டம் கலைந்ததும் அச்சாபீஸ்காரர் வந்தார். யுத்தம் முடிந்து இப்போது காகிதம் கிடைக்கிறதாம், புத்தகத்தை மறுபடி அடிக்க வேண்டுமாம், முதல் பக்கத்தில் போட உன் படம் வேண்டுமாம். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி வெளியே வந்தாள். நீ கட்டிய அதே அண்ணிதான், உன் எதிரில் நிமிர்ந்து பேசாதவள். "படம் வேணாங்க. எழுதனவ இதோ நிக்கறா. இவ பேரையும் அந்த மரியாம்மா பேரையும் போடுங்க" என்றாள். அவர் உன்னைப் பற்றி ஏதோ இழுத்தார். "அவரு தண்ணி கேட்டப்பல்லாம் இவ கையில மொண்டு குடுத்தவ நாந்தாங்க. எனக்குத் தெரியாதா?" என்றாள். அத்தனை வருஷமும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

இன்று காலை ஒரு கோவாக்காரர் வந்து கதவைத் தட்டினார். என் கை தானாகச் சொம்பை எடுத்துவிட்டது. கூப்பிட நீ இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. அப்போது கொஞ்சம் அழுதேன், பொய் சொல்ல மாட்டேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்குத் தண்ணீரை வைத்தேன். உன் நாற்காலியில் உட்கார்ந்து, "கேளுங்க" என்றேன்.

புத்தகத்தில் ராஜாவைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். களிச்சட்டி திரும்பி வந்துவிட்டது. உன்னை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. மற்ற உதாரணமெல்லாம் நீதான். அண்ணன் தினமும் தூங்குகிறான். அண்ணன் நேற்றும் தூங்கினான். நான் இந்தப் புத்தகத்தை எழுதிக்கொண்டிருந்தபோது அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தான். எத்தனை தடவை அச்சுக்குப் போனாலும் அந்த வரிகளை மாற்ற விட மாட்டேன். இது சத்தியம்.

உன் சோற்றைத் தின்ற,
உன் கூடப் பிறந்த
பச்சையம்மா