தேங்காயால் உடைந்ததாம் டிரைவ்வே

உமது பச்சைச் சீலை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இன்று காலை அலுமாரியின் அடித்தட்டில் வீடு கட்டிய கம்பனியின் கடிதங்களைத் தேடும்போது கையில் பட்டது. எடுத்து உதறினேன். ஐந்து நிமிடத்தில் முழங்கை வரை கடிக்கத் தொடங்கிவிட்டது. இரண்டு வருடமாகியும், குளிர் இறங்காமல் கூரைக்குள் விரிக்கும் கண்ணாடிப் பஞ்சின் தும்பு அதைவிட்டுப் போகவில்லை. சொறிந்துகொண்டே சிரித்தேன், பிறகு கட்டிலில் இருந்து அழுதேன். நீர் போய் ஏழு மாதமாகிறது.

எங்கள் குடிபூரலுக்கு நீர் கட்டி வந்த சீலை அது. கிழக்கு லண்டனின் பார்க்கிங் நகரில் புத்தம் புது வீடு, எங்கள் பெயரில் முதல் வீடு. ஹவுன்ஸ்லோவில் விமானங்களுக்குச் சாப்பாடு பொதி செய்யும் இடத்தில் பதினொரு வருடம் உம்மோடு தோளோடு தோள் நின்றவள் நான். உம்மைக் கூப்பிடாமல் என்ன குடிபூரல்? வாசலில் தேங்காய் அடிக்க வேண்டும் என்று என் கணவருக்கு ஆசை. ஆனால் புதுக் கொங்கிரீட் பழுதாகிவிடும் என்று பயந்து, மெதுவாகப் போட்டார். அது உடையாமல் உருண்டு காருக்கடியில் போய்விட்டது. எல்லோரும் சிரிக்க, நீர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து எடுத்தீர்.

“விடுங்கோ அண்ணை, நான் அடிக்கிறன். இது கார் ஏறுற இடம், முட்டைக் கூடை இல்லை.”

ஓங்கி ஒரே அடி. தேங்காய் சிதறியது. அதோடு கொங்கிரீட்டிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லுப் பெயர்ந்தது. கணவரின் அக்கா, என் மச்சாள், வாயில் கையை வைத்தாள். “பொம்பிளை தேங்காய் அடிச்சால் இப்பிடித்தான். இனி வீடு உருப்படுமே?”

நீர் அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. பெயர்ந்த சில்லை எடுத்து விரலால் நசுக்கினீர். அது பொலபொலவென்று உதிர்ந்தது. “இஞ்ச பாரும், இது கொங்கிரீட்டே? புட்டு மா,” என்றீர். லண்டனுக்கு வருமுன் ஜெர்மனியில் உமது கணவரோடு சேர்ந்து வீடு திருத்தும் வேலை செய்தவர் நீர். ஒரு சந்தேகம் வந்துவிட்டால் உம்மைப் பிடித்து நிறுத்த முடியுமா? ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்க, பட்டுச் சீலையோடு ஏணியில் ஏறி, கூரைக்கடியில் இருக்கும் லொஃப்டுக்குள் தலையை விட்டீர். கொஞ்ச நேரத்தில் காலையும் காணவில்லை. குரல் மட்டும் கேட்டது.

“இஞ்சேரும், மூடியைத் திறந்தால் தெரியிற இடத்தில மட்டும் பஞ்சு விரிச்சிருக்கிறாங்கள். அங்கால வெறும் பலகை! உம்மட மகளின்ர அறைக்கு மேல ஒண்டுமே இல்லை!”

இறங்கி வந்தபோது தலையும் சீலையும் மஞ்சள் தும்பு. கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்திருந்தது. என் வீட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு பந்தியில் இருந்து வடையை வெளுத்துக்கட்டினீர். “சும்மா இருக்காதையும். இண்டைக்கே எழுதும்,” என்றீர்.

எழுதினேன். நீர் பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல எழுதினேன். கம்பனியின் பதில் எப்போதும் ‘பரிசீலிக்கிறோம்’தான். முதல் மாரியில் உறைபனி விழுந்ததும் வாசலில் கார் நிற்கும் டிரைவ்வே முழுவதும் பொருக்கெழுந்தது. மகள் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு படித்தாள். இரண்டாவது மாரியில் அவளுடைய அறை மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்தது, அவளுக்கு இருமலும் பிடித்தது. அந்த மாரி முடிவதற்குள் ஒருநாள் வேலையிடத்தில் தலை சுற்றுகிறது என்று கதிரையில் இருந்தீர். பிறகு எழும்பவில்லை. எனக்கு இன்னும் உம்மீது கோபம். பாதியில் விட்டுவிட்டுப் போகிற ஆளா நீர்?

போன கிழமை கம்பனியிடமிருந்து கடிதம் வந்தது. லொஃப்ட் முழுவதும் பஞ்சு போட்டுத் தருவார்களாம். ஆனால் நான் ஒரு தாளில் கையெழுத்து வைக்க வேண்டும். ‘வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவர் தேங்காய் உடைத்ததால்’ டிரைவ்வே பழுதானது என்று அதில் இருந்தது. விருந்தாளி! அது நீர். இரண்டு கார் நிற்கும் இடம் முழுவதையும் ஒற்றைத் தேங்காயால் பொருக்கெழுப்பிய மகராசி! பக்கத்து இரண்டு வீட்டு வாசலும் இப்படித்தான் கிடக்கிறது. அங்கே யார் போய்த் தேங்காய் அடித்தது?

“செத்த மனிசிக்கு இதால என்ன வரப்போகுது? பிள்ளை இருமுது. கையெழுத்தை வைச்சிட்டு அலுவலைப் பாப்பம்,” என்றார் கணவர். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. மூன்று நாள் எனக்கு மண்டை வெடித்தது. நான்காம் நாள் மச்சாள் போன் எடுத்து, “நான் அண்டைக்கே சொன்னனான்,” என்றாள். அவ்வளவுதான். கம்பனியும் மச்சாளும் சேர்ந்து ஒரே ஆளைக் குற்றம் சொன்னால், நான் அந்த ஆளின் பக்கம்.

இன்று பதினொரு மணிக்குக் கம்பனியின் ஆள் தாளோடு வந்தான். பணிவான பிள்ளைதான். நான் தமிழ்க் கடைத் தேங்காயோடு வாசலில் நின்றேன். அவனை எதிரே இருக்கும் ஷோ ஹவுசுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வீடு வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கென்று, எங்கள் வீட்டோடு சேர்த்து அதே கம்பனி கட்டிய வீடு. அந்த வாசல் இன்றுவரை வழுவழுவென்று கிடக்கிறது.

“என்ன செய்யப்போகிறீர்கள்?” என்று பதறினான்.

“தேங்காய் கொங்கிரீட்டை உடைக்கும் என்று எழுதியிருக்கிறீர்களே. எனக்கும் பார்க்க ஆசையாக இருக்கிறது.”

வாழ்நாளில் நான் தேங்காய் அடித்ததே இல்லை. ஓங்கி அடித்தேன். துண்டுகள் வீதிவரை பறந்தன, தண்ணீர் அவன் சப்பாத்தில் தெறித்தது. அவன் தன்னை மறந்து குனிந்து பார்த்தான். நானும் குனிந்தேன். ஈரம் இருந்தது. ஒரு கீறல் இல்லை.

“அலுவலகத்தில் கேட்க வேண்டும்,” என்றான், சின்னக் குரலில்.

“நன்றாகக் கேளுங்கள். அந்த விருந்தாளி வரியை வெட்டிவிட்டு வாருங்கள்,” என்றேன். தாளை மடித்துப் பைக்குள் வைத்தான்.

பஞ்சு வருமோ வராதோ, தெரியாது. மகளை எங்கள் அறைக்கு மாற்றிவிட்டோம். அவளுடைய அறையில் நானும் அவரும் படுக்கிறோம். அவர் இரண்டு ஸ்வெற்றர் போட்டுக்கொண்டு உம்மையும் என்னையும் சேர்த்துத் திட்டுகிறார். திட்டட்டும். இந்தப் பிடிவாதம் உம்மிடமிருந்து எனக்கு ஒட்டியது, இனி இது கழுவினாலும் போகாது. குளிர்கிறதுதான், குளிரட்டும். உம்மைக் குற்றவாளியாக்கிய தாளில் என் பெயர் விழாது.