கதவில் பதிந்த உங்கள் கை

தலைக்குக் குளித்த பிறகும் கூந்தலில் இருந்து அந்த வாசனை போகவில்லை. பழைய பெயிண்ட் சூடேறித் தூளாகும்போது எழுகிற கருகலும் கசப்பும் கலந்த வாசனை. ஈரத் துவாயோடு முன்வாசலுக்கு வந்தவள் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். உங்களோடு பேச வேண்டும் போலிருக்கிறது.

தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றதும் நீங்கள் செய்த முதல் காரியம் அந்தக் காரை வாங்கியதுதான். கண்டி டவுனில் யாரோ வீட்டுக் கொட்டகையில், படங்குத் துணிக்கு அடியில் வருடக்கணக்காகக் கிடந்த வண்டி. லொறியில் ஏற்றிவந்து குண்டசாலையில் நம் வாசலில் இறக்கியபோது சுற்றி நடந்து பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"இத வெச்சு என்னாங்க செய்யப் போறீங்க?"

"வருஷா வருஷம் மடு மாதா கோயிலுக்கு பஸ்ல நின்னுக்கிட்டே போறோம்ல? இனி நம்ம கார்ல உக்காந்து போவோம். நீ முன் சீட்டுல."

இன்ஜினை மெக்கானிக் பார்த்துக்கொண்டார். பெயிண்ட் உரிக்கும் வேலையை மட்டும் யாருக்கும் விட மாட்டேன் என்றீர்கள். கதவுகளையும் பொனட்டையும் மட்கார்டுகளையும் கழற்றிப் பின்கொட்டகையில் பரப்பினீர்கள். கிரைண்டர் மெஷின் வந்தது, அதன் முனையில் பூட்டுகிற கம்பி பிரஷ் வந்தது. மேலே வெள்ளை, அதற்கடியில் பச்சை, அதற்கும் அடியில் கரு நீலம். ஒவ்வொரு நிறம் வெளிவரும்போதும் தையல் மெஷினில் இருந்த என்னைக் கூப்பிடுவீர்கள். "இங்க வந்து பாரேன், அடியில இன்னொரு கலர்!" பாதி தைத்த சட்டையை மடியில் போட்டுக்கொண்டே வந்து பார்ப்பேன்.

பொனட்டில் வேலை செய்யும்போதுதான் மெஷின் உங்கள் கையை விட்டு நழுவியது. தகரத்தில் நீளமாக ஒரு கோடு கிழித்துவிட்டுக் கீழே விழுந்தது. "கை வேர்த்துப் போச்சு" என்று சிரித்தீர்கள். ஆனால் அந்த வாரமே உங்கள் சட்டைப் பொத்தானை நான் போட்டுவிட வேண்டியிருந்தது. பிறகு தேத்தண்ணிக் கோப்பை. பிறகு பேனா.

பேராதனை ஆஸ்பத்திரியில் டொக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். தசைகளை இயக்குகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகிற வியாதி, நிறுத்த மருந்து இல்லை. வீடு திரும்பும் பஸ்ஸில் வழியெல்லாம் நீங்கள் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தீர்கள். மகாவலிப் பாலம் தாண்டும்போது என் பக்கம் திரும்பினீர்கள். "காரக் குடுத்துருவோம்."

மறுநாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கொட்டகைக்குப் போய் மெஷினைக் கையில் எடுத்தேன். நீங்கள் பதறி எழுந்து வந்தீர்கள்.

"ஏய், அது தையல் மெஷின் இல்ல!"

"அதுவும் சுத்துது, இதுவும் சுத்துது. எப்புடிப் புடிக்கிறதுன்னு மட்டும் சொல்லுங்க."

மெஷினின் வயரைக் காலால் ஒதுக்கிவிட்டு வந்து பக்கத்தில் நின்றீர்கள். பிறகு சொன்னீர்கள். ரெண்டு கையாலும் பிடி. ஒரே இடத்தில் நிற்காதே, தகரம் சூடேறி நெளிந்துவிடும். விளிம்புக்கு வந்தால் பிரஷ் வெளிப்பக்கம் ஓட வேண்டும், உள்ளே ஓடினால் மாட்டிக்கொண்டு உன் மேலேயே எகிறும். "பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கு. மாஸ்க்கும் கண்ணாடியும் போடாம கிட்டயே போகாத."

அன்று சாயங்காலம் என் இரண்டு கைகளும் நடுங்கிய நடுக்கத்தில் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. அதைப் பார்த்துவிட்டு, "இப்ப நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி" என்றீர்கள். பேராதனைக்குப் போய் வந்த பிறகு அன்றைக்குத்தான் நாம் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்தவர்கள், எப்போது அழத் தொடங்கினோம் என்று தெரியவில்லை.

நான் வேலை செய்தேன், நீங்கள் தூசு வராத தூரத்தில் கதிரையில் இருந்து பார்த்தீர்கள். முதலில் சத்தமாகச் சொன்னீர்கள். பிறகு நாக்கு குழறத் தொடங்கியது. பிறகு பெரும்பாலும் புருவம்தான். வலது புருவம் உயர்ந்தால் பெயிண்ட் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். கண்ணை மூடித் திறந்தால், போதும் என்று. மெஷினை நிறுத்தி நிறுத்தி உங்கள் முகத்தைப் பார்ப்பேன். கல்யாணம் முடித்த புதிதில்கூட அப்படிப் பார்த்ததில்லை.

கடைசியாக மிஞ்சியது டிரைவர் பக்கத்துக் கதவு. அது முடிந்த அன்று தின்னர் போட்டுத் துடைத்து, தூக்கிக்கொண்டு வந்து உங்கள் கதிரையில் சாய்த்தேன். வெள்ளியாய் மின்னியது. உங்கள் கையைத் தூக்கி அதன் மேல் விரித்து வைத்தேன். "குளிருது" என்றீர்கள். எனக்கு விளங்கும்படி நீங்கள் பேசிய கடைசி வார்த்தை அது. நெடுநேரம் கையை எடுக்கவே விடவில்லை, கண்ணாலேயே வேண்டாம் என்றீர்கள்.

மறுநாள் எல்லாவற்றையும் திகனயில் பெயிண்ட் அடிக்கிற முஸ்லிம் பெரியவர் நானாவிடம் அனுப்புவதாக இருந்தது. அன்றிரவே உங்களுக்குச் சளி நெஞ்சில் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்து உங்களைப் பெட்டியில்தான் கொண்டுவந்தோம்.

மழை விடாமல் பெய்த மாதம். கொட்டகைப் பக்கம் நான் போகவேயில்லை. முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வந்த பிறகு நம் மகள்தான் அதைத் திறந்தாள். "அம்மா, இங்க வாங்களேன்" என்ற அவள் குரல் சரியாக இல்லை. ஓடினேன். பெயிண்ட் இல்லாத தகரம் முழுக்க மெல்லிய செம்மஞ்சளாய்த் துரு. அந்தக் கடைசிக் கதவில் மட்டும், நடுவில், கருஞ்சிவப்பாய் ஒரு கை. ஐந்து விரல், உள்ளங்கை, ரேகைகூடத் தெரிந்தது. உங்கள் வியர்வை பட்ட இடத்தில் துரு ஆழமாக இறங்கியிருந்தது.

மகள் கதவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "இத இப்புடியே வெச்சுக்குவோம்மா."

நானா வந்தார். கை பதிந்த இடத்தை விரல் படாமல் குனிந்து பார்த்தார். "நீங்க சொன்னா அந்த எடத்துக்கு மட்டும் வார்னிஷ் அடிச்சுத் தாரேன் தங்கச்சி. ஆனா பொய் சொல்லக் கூடாது. துரு அடியில திண்டுக்கிட்டே இரிக்கும். நாளைக்கி அந்தக் கை இரிந்த எடத்துல ஓட்டதான் இரிக்கும்."

அவர் போன பிறகு என் கையை உங்கள் கைக்குள் வைத்துப் பார்த்தேன். என் விரல்கள் குட்டையாகத்தான் இருந்தன, எப்போதும் போல. எடுத்தபோது என் உள்ளங்கையெல்லாம் சிவப்பு. உங்களைத் தின்றுதீர்த்த ஒரு வியாதியைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். இன்னொன்று உங்கள் கையைத் தின்பதையும் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது என்று தோன்றியது.

மகளை உள்ளே அனுப்பிவிட்டு மாஸ்க்கைப் போட்டு மெஷினை எடுத்தேன். சுண்டு விரலில் தொடங்கினேன். பெருவிரலைக் கடைசிக்கு வைத்தேன். அருள்நிறை மரியே செபம் ஒன்று சொல்லி முடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. வெறும் தகரம் பளபளத்தது. மெஷினை அணைத்துவிட்டு நான் போட்ட சத்தத்தில் அக்கம்பக்கத்தார் ஓடி வந்துவிட்டார்கள். உங்களைப் புதைத்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

அன்றைக்கே நானா வந்து பிரைமர் அடித்தார். கார் இப்போது கரு நீலம். மகள் ஓட்ட, முன் சீட்டில் உட்கார்ந்து மடுவுக்குப் போய் வந்தேன். பயணம் சுகமாகத்தான் இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

இப்போது நானா எனக்குப் பெயிண்ட் உரிக்கிற வேலை அனுப்புகிறார். பழைய கதவுகள், மோட்டார் சைக்கிள் டாங்கிகள். இந்த வயதில் இது எதற்கு என்று மகள் சண்டை பிடிக்கிறாள். பொழுது போகிறதே என்கிறேன்.

அவளிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது. மெஷின் ஓடும்போது கொட்டகை வாசலில் நிற்பவருக்கும் என் குரல் கேட்காது. வாய் அசைவதை மாஸ்க் மறைத்துவிடும். என்ன சமைத்தேன், யார் வந்தார்கள், முழங்கால் எப்படி வலிக்கிறது, ஏன் என்னை விட்டுவிட்டுப் போனீர்கள், எல்லாவற்றையும் உரக்கச் சொல்கிறேன். பெயிண்ட் முழுக்க உரிந்துபோன பிறகும் சில நாள் பிரஷைத் தகரத்தில் இருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டு, மெஷினை அணைக்காமல் நிற்கிறேன். இன்னும் சொல்லி முடியவில்லை.