நாலரைக்கே இருட்டிவிடும் மாதம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது,

இங்கே நாங்கள் மூவரும் உடம்பளவில் சௌக்கியம், மனதளவில் எப்படி என்பது இதைப் படித்து முடிக்கும்போது உனக்கே தெரியும். நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்கிறீர்களா, உன் முதுகுவலி தேவலையா. அம்மாவுக்குத் திரைச்சீலைக் கடையில் வேலை அதிகம், தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து கால் வீங்கிப்போகிறது, சொன்னால் கேட்பதில்லை. எனக்கு வேனில் கியர் மாற்றும்போது தோள்பட்டை பிடித்துக்கொள்கிறது, வயசுக் கோளாறு, அதை விடு. சின்னவள் விஷயம்தான் எழுத வேண்டும். போனில் பேசினால் அம்மா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

அவள் சேர ஆசைப்படும் பல்கலைக்கழகத்தை நாங்கள் கோடையில் போய்ப் பார்த்தது உனக்குத் தெரியும். அங்கே அலுவலகத்தில் இருக்கும் பெண்மணிதான், பார்க்க வருவதென்றால் கோடையில் வாருங்கள், புல்வெளியெல்லாம் அழகாக இருக்கும் என்றார். அழகாகத்தான் இருந்தது. எட்டு மணி வரை வெளிச்சம், சின்னவள் கைவீசி நடந்தாள், உன் அம்மா பூரித்துப்போய் விடுதி ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை தைக்கலாம் என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். நான் மட்டும் பாதையோரத்து விளக்குக் கம்பங்களை எண்ணிக்கொண்டு வந்தேன். அவளுக்கு மாலைக்கண், வெளிச்சம் குறைந்தால் எதிரே சுவர் நிற்பதுகூடத் தெரியாது, பக்கவாட்டுப் பார்வையும் வருஷத்துக்கு வருஷம் குறுகுகிறது என்று டாக்டர் சொன்னபோது நீயும் அந்த அறையில் இருந்தாய். வாடகைக்கு வீடு பார்க்கிறவன் கூரை எங்கே ஒழுகுகிறது என்று தெரிய மழை நாளில் அல்லவா போக வேண்டும். அதனால் போன வாரம், பகல் மிகச் சுருங்கி நாலரைக்கே இருட்டிவிடும் இந்த மாதத்தில், கண் டாக்டரிடம் போகிறோம் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு நாங்கள் இருவரும் மறுபடி பஸ் ஏறினோம். உன்னிடம் மறைப்பானேன், அவள் அங்கே தடுமாற வேண்டும் என்று என் மனசில் ஒரு மூலை ஆசைப்பட்டது. வேண்டாம்ப்பா, பக்கத்துக் கல்லூரியிலேயே சேர்ந்துக்கிறேன் என்று அவள் வாயாலேயே வந்துவிட்டால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். 

நூலக வாசலில் நின்று, இங்கிருந்து விடுதி வரை நீ தனியாக நட, நான் இருபது அடி பின்னால் வருகிறேன் என்றேன். சரி என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு நடந்தாள். கோடையில் வெறிச்சோடிக் கிடந்த அந்த நடுச்சாலையில் இப்போது காரும் சைக்கிளுமாக நெரிகிறது. அந்த நேரம் பார்த்து வகுப்புகள் விட்டன. நானூறு ஐந்நூறு பிள்ளைகள் எனக்கும் அவளுக்கும் நடுவில் புகுந்தார்கள், அவ்வளவுதான், அவளைக் காணவில்லை. நான் முப்பது வருஷமாக ரொட்டி வேன் ஓட்டுகிறேன். அந்திக் கருக்கலில் சாலையைக் கடக்கிற ஆள் ஓட்டுகிறவன் கண்ணுக்கு எப்போது தெரிவான் என்று எனக்குத் தெரியும். கால் பிரேக்குக்குப் போன பிறகுதான் தெரிவான். எங்கேயோ ஒரு பிரேக் கிரீச்சிட்டது. எப்படி ஓடினேன் என்று தெரியாது. போய்ப் பார்த்தால் யாரோ ஒரு பையன் சைக்கிளோடு சரிந்து புத்தகங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். நம் பிள்ளை இல்லை. காவலாளியிடம் ஓடினேன், பொண்ணு என்ன கலர் கோட்டு போட்டிருந்துச்சு என்று கேட்டார். அன்று முழுக்க பக்கத்தில் உட்கார்ந்து வந்த பிள்ளை, கோட்டு என்ன நிறம் என்று எனக்கு நினைவுக்கு வரவில்லை. அந்த ஆள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

அவள் விடுதி வரை போய்ச் சேர்ந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை, அரை மணி நேரம் அலைந்து கடைசியில் அந்தக் காவலாளிதான் விடுதிக்குக் கூட்டிப்போனார். சின்னவள் வாசல் விளக்கடியில் நின்றுகொண்டிருந்தாள், பச்சைக் கோட்டு, கையில் பார்வையில்லாதவர்கள் பிடிக்கிற, மடக்குகிற வெள்ளைக் கோல். எங்கேப்பா போனீங்க, நான் வந்து எவ்வளவு நேரமாச்சு தெரியுமா என்றாள். நான் கோலையே பார்த்தேன். அக்காதான் அனுப்பினா, நாலு மாசமா பழகுறேன், காலையில நீங்க வண்டியெடுத்துட்டுப் போனதும் அம்மா எழுறதுக்குள்ள இருட்டுல தெருக்கோடி வரைக்கும் போயிட்டு வருவேன் என்றாள். குளியலறையில் வழுக்கியதாகச் சொன்ன முழங்கால் காயமும் அதில் வந்ததுதானாம். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். எங்கள் கண்ணெதிரில் வளர்கிற பிள்ளைக்கு நாலு மாசமாக என்ன நடக்கிறது என்று கடல் தாண்டி இருக்கிற உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. ஆனால் நீ அனுப்பாவிட்டால் நான் வாங்கியிருப்பேனா என்றும் கேட்டுப் பார்த்தேன். வாங்கியிருக்க மாட்டேன். அந்தக் கோலை வாங்கினால் டாக்டர் சொன்னதை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற பயம்.

திரும்பும்போது அதே சாலையை அவள்தான் முன்னால் நின்று கடந்தாள். கோலை நீட்டியதும் இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. வேனில் வந்திருந்தால் நானும் நின்றிருப்பேன். ஆனாலும் நிற்காத ஒருவன் எங்கேயோ இருப்பானே. நேற்று விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை, பயம் மட்டும்தான் இருந்தது. இப்போதெல்லாம் காலையில் வேனை எடுத்துக்கொண்டு நேராக வேலைக்குப் போவதில்லை. முனையில் திருப்பி, விளக்கை அணைத்து நிறுத்திக்கொண்டு, அவள் தெருக்கோடி வரை போய்த் திரும்பி வீட்டுக் கதவைச் சாத்தும்வரை பார்க்கிறேன். கடைகளுக்கு ரொட்டி பத்து நிமிஷம் தாமதமாகப் போகிறது, ஏச்சு வாங்குகிறேன். ஒரு நாளும் இறங்கி அவளிடம் போனதில்லை. அவள் அங்கே போன பிறகு இந்தப் பத்து நிமிஷத்தை நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் போனில் பேசி, கோல் விஷயத்தை நீயே பக்குவமாக எடுத்துச் சொல், எனக்கு வாய் வரவில்லை. நான் வேனில் காத்திருப்பது சின்னவளுக்குத் தெரிய வேண்டாம்.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அப்பா