நாரை வராத ஊர்

மிச்சிகன்,
மே மாதக் கடைசி

அன்புள்ள அன்னெகாவுக்கு,

அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் ஆண்டவர் கிருபையால் சுகம். நியூசிலாந்தில் குளிர் தொடங்கியிருக்கும், நீ இன்னமும் மெல்லிய சட்டையோடுதான் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பாய் என்பது என் கணிப்பு, பொய்யானால் சந்தோஷப்படுவேன். நெவேனா பல்கேரியாவின் ஒரு காப்பகத்திலிருந்து நம் வீட்டுக்கு மகளாக வந்து இந்த வாரத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு உங்களோடு பழக ஒரு வருஷம் போதுமா என்று சபையில் கேட்கிறார்கள், எங்களுக்குத்தான் போதவில்லை என்றேன். நாம் அவளை மீட்டுக்கொண்டு வந்துவிட்டதாக ஞாயிறுதோறும் யாராவது எழுந்து ஜெபத்தில் நன்றி சொல்கிறார்கள். மீட்கப்பட்டவளோ இந்த ஊர்க் கடைத் தயிரை ஒரு வாய் வைத்துவிட்டு, "இது தயிரே இல்ல, பசை" என்று தீர்ப்புச் சொல்லி, அப்பா வேட்டைக்குப் போட்டுப்போகும் கோட்டைப் பானைக்குச் சுற்றித் தானே உறை ஊற்றிக்கொள்கிறாள். காலுறைகளுக்கு நடுவே அவித்த முட்டை பதுக்குவது நின்றுவிட்டது, அல்லது நாய் முந்திக்கொள்கிறது, எது என்று இன்னும் நிரூபணமாகவில்லை. அப்பாவை டேல் என்கிறாள், உயிரியல் பாடம் நடத்துகிறவள் என்பதால் நான் டீச்சர். வந்த பெட்டியை மட்டும் இன்னும் பிரிக்கவில்லை, எந்த நேரமும் கிளம்பத் தயாராகக் கதவோரம் நிற்கிறது. நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை, என்னைத்தான் உனக்குத் தெரியுமே.

அவர்கள் நாட்டில் மார்ச் முதல் தேதி சிவப்பும் வெள்ளையுமாக நூல் முறுக்கி, யார் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறார்களோ அவர்கள் கையில் கட்டுவார்களாம். பூத்த மரத்தையோ செங்கால் நாரையையோ பார்க்கும்வரை அவிழ்க்கக் கூடாது, பார்த்ததும் அவிழ்த்து மரக்கிளையில் கட்டிவிட வேண்டும். பிப்ரவரியிலேயே வந்து, "டீச்சர், இந்த ஊருக்கு நாரை வருமா?" என்று கேட்டாள். அந்த நாரை இந்தக் கண்டத்துக்கே வராது, நம் ஏரிக்கரையில் நிற்பது கொக்கு என்று படம் போட்டு விளக்கினேன். "வழி தப்பிக்கூட வராதா?" என்று விடாமல் கேட்டாள். வராது என்று அடித்துச் சொன்னபின், பாவம், ஏமாற்றமாகியிருக்கும் என்று வருந்தினேன். மார்ச் பிறந்ததும் அப்பாவுக்குக் கட்டினாள், நாய்க்கு, பனி தள்ளும் வண்டிக்காரருக்கு, போதகருக்கும் கட்டினாள். அவர் ஆசீர்வாதம் சொல்லக் கையைத் தூக்கினால் குஞ்சம் ஆடுகிறது. சபை மூப்பர் சைல்ஸ்ட்ரா நம் வீட்டுக்கே வந்து, "கிறிஸ்தவன் கையில கயிறு எதுக்கு டேல்? இன்னிக்குக் கயிறு, நாளைக்குத் தாயத்தா?" என்று கேட்க, அப்பா, "அண்ணே, உங்க கழுத்துல தொங்குற டைய எந்த அப்போஸ்தலர் கட்டிவிட்டாரு?" என்றார். மறுவாரமே மூப்பர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நெவேனாவிடம் போய், "மூட்டுவலிக்கு மட்டும்மா, வேற எதுக்கும் இல்ல" என்று கையை நீட்டினார்.

எனக்குத்தான் கட்டவில்லை. நூலில் எனக்கு நம்பிக்கை கிடையாது, ஆனாலும் வண்டிக்காரருக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை என்பதை அப்பா தன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தார். பல் தேய்த்தாயா என்று விரட்டுவதாலா, சட்டென்று ஒரு பிள்ளையைக் கட்டிக்கொள்ளத் தெரியாத என் சுபாவத்தாலா என்று பாத்திரம் கழுவும்போதெல்லாம் யோசித்தேன். ஏப்ரல் முழுக்கப் பனி. போன வாரம்தான் நம் செர்ரி மரம் பூத்தது, எல்லோரும் வந்து நூலை அவிழ்த்துக் கிளையில் கட்டினார்கள், போதகர் நாற்காலிமேல் ஏறி நின்றார். கூட்டம் கலைந்தபின் அவள் சமையலறைக்கு வந்து என் கையை இழுத்து, மற்றவர்களுடையதைவிடத் தடித்த ஒரு நூலை முடிச்சின்மேல் முடிச்சாகப் போட்டாள். "மார்ச்லயே கட்டியிருந்தா இன்னிக்கு நீங்களும் அவுத்திருப்பீங்கல்ல? பூ பாத்து அவுக்கிறது இன்னிக்கோட முடிஞ்சுபோச்சு. உங்களுக்கு நாரைதான் கணக்கு" என்றாள். நாரைதான் இங்கே வராதே என்றேன். "தெரியும், நீங்கதானே சொன்னீங்க" என்றாள். காப்பகத்தில் அவள் நூல் கட்டிய ஆயாக்கள் யாரும் பூ உதிரும்வரைகூட இருந்ததில்லையாம், மிச்ச நூலைக் கத்தரித்துக்கொண்டே சொன்னாள். நான் அடுப்பைத் துடைத்தேன், அது ஏற்கெனவே துடைத்த அடுப்பு.

மறுநாள் அப்பா ஏரிக்கரையில், "டீச்சரம்மா, அதோ நாரை, கழட்டு கழட்டு!" என்று கத்த, அவள், "டேல், அது கொக்கு! டீச்சர் படம் போட்டுக் காட்டினாங்க!" என்று சண்டைக்குப் போய் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டாள். கொக்குதான் என்று சாட்சி சொன்னேன். என் பாடத்தை இத்தனை கவனமாக எந்த மாணவியும் கேட்டதில்லை.

உனக்கும் ஒரு நூல் கொடுத்திருக்கிறாள், இதோடு வைத்திருக்கிறேன். உனக்குப் பூத்த மரம் போதுமாம், ஆனால் அங்கே வசந்தம் செப்டம்பரில்தானே, அதுவரை கழற்றாதே, காணொளியில் கையைக் காட்டச் சொல்வாள். கம்பளிச் சட்டையும் போட்டுக்கொள். பெட்டி என்ன ஆயிற்று என்று கேட்பாய். கதவோரம்தான் நிற்கிறது, ஆனால் நேற்றிலிருந்து அதன்மேல் தயிர்ப்பானை உட்கார்ந்திருக்கிறது, யாரும் அசைக்கக் கூடாதென்று உத்தரவு. ஆண்டவர் உன்னைப் பத்திரமாய் வைத்துக்கொள்ளட்டும்.

கையில் நூலோடு,
உன் அம்மா,
கரின்