நைனாவின் வில்லைக்கு ஒரு பசை

இன்று கடையில் ஒரு பசைக்குழாயைத் திறந்தேன். மூக்கைக் குத்தும் அந்த நெடி வந்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ இல்லையென்று தெரிந்தும் உன்னிடம்தான் பேசத் தோன்றுகிறது.

அறுபதுகளின் நடுவில் ஒரு நாள், உன் அரிசிக் கடையைச் சாத்தாமல்கூட, எதிரே இருந்த என் இரும்புக் கடைக்கு ஓடி வந்தாய். கைக்குட்டைக்குள் உன் நைனாவின் பித்தளை வில்லை, இரண்டு துண்டாக. செஞ்சி தாலுகா ஆபீசில் பியூனாக இருந்தபோது வேலைக்கு அடையாளமாக அவர் நெஞ்சில் குத்தியிருந்தது; வெள்ளைக்காரன் காலத்தது, நீல எனாமல் எழுத்து. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ஞாபகம் தடுமாறத் தொடங்கிய பிறகும் தினமும் அதைக் குத்திக்கொண்டுதான் கடைத்தெருவுக்கு வருவார்.

"அம்மி மேல வுழுந்து ஒடஞ்சிடுச்சிடா. வேலைய வுட்டுத் தூக்கிட்டாங்கன்னு நெனச்சிக்கினு மூலையில குந்திக்கினு இருக்காரு. சோறும் எறங்கல" என்றாய்.

ஈயம் வைத்துப் பற்றவைத்தால் சூட்டில் எனாமல் உதிர்ந்துவிடும். வஜ்ஜிரப் பசையை எடுத்தேன். "தோலும் எலும்பும் காய்ச்சனதாச்சே அது!" என்று கையைத் தடுத்தாய். நீங்கள் சமணர் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அரக்கை எடுத்தேன். "அதுல எத்தினி பூச்சி சாவுது! நைனாவுக்கு எது மறந்தாலும் இது மறக்காது. இன்னா போட்டு ஒட்டினேன்னு கேப்பாரு. நான் பொய் சொல்ல மாட்டேன்."

நல்லவேளையாக, மெட்ராசிலிருந்து சரக்கு காட்ட வந்த விற்பனைக்காரர் ஒருவர் கடையில் இருந்தார். பையிலிருந்து இரண்டு சிறு குழாய்களை எடுத்தார். "ரெண்டையும் கலந்து தடவுங்க. இரும்பே ஒட்டும்."

"இது எதுல செய்றாங்க?" என்று கேட்டாய்.

"பூமிக்கடியில எடுக்கற எண்ணெய்லேர்ந்து."

"அந்த எண்ணெய் எப்படி வந்துச்சு?"

அவர் சிரித்துவிட்டார். "எந்தக் காலத்துலயோ செத்துப் புதைஞ்ச செடிகொடி, ஜீவராசிங்கதான்னு சொல்றாங்க."

குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "அதுங்க தானா செத்தது. நாம கொல்லலியே?" என்றாய். என்னிடம் கேட்டாயா, உனக்கே சொல்லிக்கொண்டாயா, தெரியவில்லை.

உடனே வில்லையில் கைவைக்க நமக்குத் தைரியம் வரவில்லை. முதலில் இரண்டு பித்தளைத் துண்டுகளை ஒட்டினோம். மறுநாள் அதில் படிக்கல்லைக் கட்டித் தொங்கவிட்டோம். ஒட்டு விடவில்லை! நீ இன்னொரு கல்லையும் கட்டினாய். அப்புறம்தான் வில்லையின் பின்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து, மெல்லிய தகடு வைத்து ஒட்டினோம்.

வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததும், எதிர்பார்த்தபடியே நைனா கேட்டார். "இன்னாடா போட்ட?"

எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாய். அவர் வில்லையின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். "எப்பவோ செத்ததுக்கு இப்ப வேலை வந்துச்சா? அப்ப என்னையும் திரும்ப வேலைக்குச் சேத்துக்கச் சொல்லி ஆர்டர் வந்துடுச்சா?"

ஆமாம் என்று நீ ஒரு பொய் சொன்னால் போதும், அவர் எழுந்து சாப்பிட வந்துவிடுவார். நீ அவர் எதிரில் உட்கார்ந்தாய்.

"ஆர்டர் வரல நைனா. ஆனா வில்லை உன்னுது. குத்திக்கோ. ஆபீஸ் வரைக்கும் போய்ட்டு வரலாம்."

மூன்று பேரும் நடந்தோம். தாலுகா ஆபீஸ் வாசலில் முக்காலியில் உட்கார்ந்திருந்த பியூன், வில்லையைப் பார்த்ததும் எழுந்து நின்று சலாம் வைத்தான். நைனா விறைப்பாக நின்று திருப்பி வைத்தார். பிறகு உன் தோளைப் பிடித்துக்கொண்டு, "வாடா, பசிக்குது" என்றார்.

பசை கேட்டு வருகிறவர்களிடம் இப்போதும், என்ன உடைந்தது என்பதோடு யாருடையது என்றும் கேட்கிறேன். சிலர் முறைக்கிறார்கள். சிலர் உட்கார்ந்து சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள்.