இரண்டு மஞ்சள் மாத்திரைகள்

செப்டம்பர் 10, 2024, செவ்வாய்

வாயெல்லாம் புண். மத்தியானம் மீன்குழம்பு பட்டதும் கண்ணீர் வந்துவிட்டது. வகுப்பில் பின்னக் கணக்கைச் சொல்லிக்கொடுக்கவே நாக்கு எரிந்தது. முடக்குவாதம் வந்து நாலு வருஷமாகிறது, இப்படி வந்ததில்லை. பஸ் டூட்டி முடிந்து வந்த இவர், “சூடுதான், எலிசா” என்று இளநீர் வெட்டித் தந்தார். சூடுதானா?

செப்டம்பர் 12

தொடையில் நீலமாகக் கன்றியிருக்கிறது. எங்கும் இடிக்கவில்லையே. பல் தேய்த்தால் ரத்தம். சாயங்காலம் காய்ச்சல். உட்கார முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை.

செப்டம்பர் 13, நாகர்கோவில் ஆஸ்பத்திரி

வெள்ளை அணு ஆயிரத்து எண்ணூறு. தட்டணு ஐம்பத்திரண்டாயிரம். உடனே படுக்க வைத்துவிட்டார்கள்.

டாக்டர் லீமா என் மாத்திரை டப்பாவைக் கட்டிலில் கொட்டிப் பார்த்தார். வாதத்துக்கான மாத்திரை ஞாயிறு மட்டும்; மற்ற ஆறு நாளும் ஃபோலிக் மாத்திரை. டப்பாவில் தலைகீழாக இருந்தது. வாத மாத்திரை அளவு மீறினால் ரத்த அணுவைக் குறைத்துவிடுமாம். இரண்டும் மஞ்சள், ஒரே அளவு.

“யாரு எடுத்து வச்சது?”

என் விரலுக்கு அட்டையைப் பிதுக்க வராது. வாராவாரம் இவர்தான் எடுத்து வைப்பார். இவர் அப்போது டீ வாங்கப் போயிருந்தார்.

“நான்தான்” என்றேன்.

செப்டம்பர் 15

அந்த மாத்திரையின் விஷத்துக்கு முறிவு ஊசி போடுகிறார்கள். யாரும் கிட்டே வரக்கூடாது. மாத்திரை மாறிவிட்டது என்று டாக்டர் இவரிடம் சொல்லியிருக்கிறார். வாசலில் முகமூடியோடு நின்று கொதிக்கிறார்: “மருந்துக்கட பாவா மாத்தித் தந்திருக்கான். அவன் கடைய பூட்ட வச்சிட்டுத்தான் மறுவேல!”

செப்டம்பர் 18

வெள்ளை அணு 2,600. ஏறுகிறது.

நாளைக்கு இவர் புகார் எழுதிக் கொடுக்கப் போகிறார். பாவா சரியாகத்தான் தந்தார். அட்டை மேல் ‘வாரம் ஒன்று’ என்று எழுதியும் தந்தார், நான் பார்த்தேன். சொன்னால் இவர் உடைந்துபோவார். சொல்லாவிட்டால்? கர்த்தரே, அந்த மனுஷன் என்ன பாவம் செய்தார்?

செப்டம்பர் 19

சொல்லிவிட்டேன்.

“பாவா மேல தப்பில்ல. டப்பாவில வச்சப்போ மாறிப்போச்சு.”

“நானா?”

தலையாட்டினேன். டாக்டரிடம் ‘நான்தான்’ என்று சொன்னதையும் சொன்னேன்.

“அப்ப டாக்டர்ட்ட ஏன் நீதான்னு சொன்ன? இவ்வளவு நாளா, ஏட்டி, வாயத் தொறக்காம மிண்டாம இருந்த?”

புகார்க் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டார். எங்கே போனாரோ. போன் எடுக்கவில்லை.

செப்டம்பர் 28

வீடு. பாவா கடைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தாராம். என்னிடம் அதற்கு மேல் பேச்சில்லை. மாத்திரை இருக்கும் அலமாரிப் பக்கமே போவதில்லை.

அக்டோபர் 17

மருந்து இல்லாமல் விரல் மறுபடி வீங்கிவிட்டது. சாக்பீஸ் நழுவி விழுகிறது. மருந்து தின்றால் ரத்தம் போகிறது, தின்னாவிட்டால் கை போகிறது. இதில் எதைத்தான் பிடிப்பது?

நவம்பர் 2

வெள்ளை அணு 5,400. தட்டணு இரண்டு லட்சத்துக்கு மேல். அதே மருந்து, இனி வாரம் ஒரு ஊசியாக. மாதாமாதம் ரத்தம் பார்க்கவேண்டும். என் கையால் போட முடியாது. “வீட்டில யாரு போடுவா?” என்று நர்ஸ் கேட்டதும் நான் தரையைப் பார்த்தேன். இவர் முன்னால் வந்து, “காட்டித் தாங்க” என்றார்.

நவம்பர் 3, ஞாயிறு

கோயில் முடிந்து வந்ததும் இவர் சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவினார். ஊசி மேல் இருந்த பேரையும் அளவையும் எனக்குக் கேட்கும்படி வாசித்தார்.

“நீயும் ஒருக்க பாரு.”

பார்த்தேன். சரியாக இருந்தது. முந்தானையை விலக்கி வயிற்றைக் காட்டினேன்.